ஆளோலையும் அறிவுடைமையும்

சென்ற மார்கழித் திங்களில், எமது படூரில் முதியவர் ஒருவர் எழுதிக்கொடுக்கும் தானப் பத்திரத்திற்குச் சான்றுக் கையொப்பம் இடல் வேண்டுமென்று அவருடைய இளைய புதல்வர் எம்மை வந்து அழைத்தார். படூர் முன்னர் ஏரி பாய்ந்து நெல் விளைந்த ஊர். இஞ்ஞான்று, சென்னையினின்று மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையின் இருமருங்கும் மாடங்கள் நிறைந்துவிட்டமையின், கழனியின் விலை காணியாலும் குழியாலும் அன்றிச் சதுர அடியாலேயே பேசப்படுகின்றது. அம்முதியவர்பால் எஞ்சியிருந்தவை ஏரிக்கரையை அடுத்த இரண்டு காணிக் கழனியும் தெருவில் ஒரு மனையுமேயாம்.

அவர்தம் நிலை ஊரார் அனைவரும் அறிந்ததே. காலையில் அவரைக் கண்டால், மதகு எந்த ஆண்டு இடிந்தது, வரப்பின் கீழ்பால் யார் கழனி, மேல்பால் யார் கழனி என்பவற்றைத் தடையின்றிக் கூறுவார். பொழுது சாயுமாயின், புதல்வரையே இறந்துபோன தம் தமையன் பெயரால் விளிப்பார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த மனைவியார் உண்டாரா என்று வினவுவார். இத்தகையார் இடும் கையொப்பம் அவருடையது ஆகுமா? ஆகாதெனின், அதன் அருகே எமது பெயரையும் எழுதுவது எத்துணைக் குற்றம்? இவ்வினா எம்மைப் பல நாள் உறங்கவொட்டாது செய்தது. அதனை ஆராயப் புகுந்தவிடத்து நாம் எண்ணியவற்றை இப்பத்திரிகை அன்பர்கள்பால் வைக்கின்றோம்.

1872 ஆம் ஆண்டின் 9 ஆவது சட்டமாகிய இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்தற்குரியார் இன்னார் என 11 ஆம் பிரிவிற் கூறுகின்றது. உரிய வயது நிரம்பியவராதல் வேண்டும். தெளிந்த மனத்தினராதல் வேண்டும். வேறெச்சட்டத்தாலும் விலக்கப்படாதவராதல் வேண்டும். தானம் ஒப்பந்தமன்றேனும், ஒப்பந்தத்திற்குத் தகுதியுடையாரே சொத்தினை மாற்றற்கும் உரியர் என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் விதித்தலின், இரண்டிற்கும் அளவை ஒன்றே. இனி, 14 ஆம் பிரிவு, இசைவு தன்னுரிமையோடு கூடியதாதல் வேண்டுமென்று கொண்டு, வன்முறை, தகாச் செல்வாக்கு, வஞ்சனை, பொய்யுரை, பிழையுணர்வு என்னும் ஐந்தும் அதனைக் கெடுக்குமென்கின்றது.

இவற்றை நோக்கும் சித்தாந்த மாணவர்க்கு, உயிரின் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் நினைவிற்கு வருதல் இயல்பே. இளையோனுக்கும் மனந் திரிந்தோனுக்கும் ஞானம் மறைந்துளது. அச்சுறுத்தப்பட்டோனுக்கு அறிவு உண்டு, இச்சையோ தன்னுடையதன்று. கை பிடித்து வைத்து ஒப்பமிடுவிக்கப்பட்டோனுக்குக் கிரியையும் தன்னுடையதன்று. மூன்றும் ஒருங்கு நின்றாலன்றிச் செயல் ஒருவனுடைய செயலாகாது என்பதைச் சட்டம் இயற்றினார் நம் நூல்களைக் கல்லாமலே கண்டனர்.

வயதின் வரம்பு எத்துணைக் கண்டிப்பாகக் கொள்ளப்பட்டது என்பதற்குக் கல்கத்தாவில் எழுந்த வழக்கொன்று உளது. தர்மதாச கோசு என்பார் 1895 இல், உரிய வயது நிரம்பாத காலத்தில், வட்டிக்குப் பொருள் கொடுப்பார் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு வீட்டை ஈடெழுதிக் கொடுத்தார். அவர் இளையர் என்பது கடன் கொடுத்தவருடைய முகவருக்குத் தெரிந்தே இருந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1903 இல், இளையோர் செய்த ஒப்பந்தம் வேண்டின் தள்ளத்தக்கது என்னும் அளவினதன்று, முதலிலிருந்தே இல்லாதது என முடிந்தது. கொடுத்த பொருளைத் திருப்பித் தருமாறு ஆணையிடவும் அவையத்தார் இசைந்திலர். கடன் வாங்கியவன் மிச்சமடைந்தான் என்று இதனைக் குறை கூறுவாரும் உளர். ஆயின் அறிந்தே இளையோன் ஒருவனைப் பற்றினவன் இழந்ததற்கு நாம் வருந்த வேண்டுவதில்லை. இவ்வளவு கடுமை காட்டிய அச்சட்டமே 68 ஆம் பிரிவில், தகுதியற்றான் ஒருவனுக்கு அவன் நிலைமைக்கேற்ற உணவு முதலிய இன்றியமையாப் பொருள்களைக் கொடுத்தவன் அவன் சொத்திலிருந்து அவற்றின் மதிப்பைப் பெறலாம் என்கின்றது. ஏமாற்றினவனுக்கு வாயிலை அடைத்து, சோறிட்டவனுக்குத் திறந்து வைத்தமை நன்று.

பதினெட்டு என்னும் எல்லையைப் பற்றி ஒரு சொல். மெய்கண்ட தேவ நாயனார் இளம் பருவத்திலேயே ஞானாசிரியராய் வீற்றிருந்தார் என்பதும், முதியரும் சகலாகம பண்டிதருமாகிய அருணந்தி சிவாசாரியர் அப்பிள்ளைக்கு மாணவராயினார் என்பதும் நம் மரபு. 1875 ஆம் ஆண்டின் வயது வரம்புச் சட்டத்தின்படி அப்பெருமான் ஒரு பசுவை விற்கவும் உரியரல்லர்! சட்டம் அருளாளரை நோக்கி இயற்றப்பட்டதன்று. நம்மனோரை நோக்கியே இயற்றப்பட்டது.

மனத் தெளிவினைப் பற்றி 12 ஆம் பிரிவு கூறுவது இன்னும் நுண்ணியது. ஒப்பந்தம் செய்யும் அப்பொழுதில் அதனை விளங்கிக்கொள்ளவும், அதனால் தனக்கு விளையும் நன்மை தீமைகளை நிதானிக்கவும் வல்லனாயின் அவன் தெளிந்த மனத்தினன். பெரும்பான்மையும் மயங்கியிருந்து சிறுபான்மை தெளிபவன், தெளிந்த பொழுதில் ஒப்பந்தம் செய்யலாம். பெரும்பான்மை தெளிந்திருந்து சிறுபான்மை மயங்குபவன், மயங்கிய பொழுதில் செய்யலாகாது. அஃதாவது, சட்டம் மனிதனை நோக்கி இவன் தக்கான், இவன் தகான் என்று முத்திரை குத்தவில்லை, பொழுதினையே நோக்குகின்றது.

இதனைப் படித்தவிடத்துக் கீழாலவத்தை எமக்கு நினைவு வந்தது. நனவில் நெற்றியின்கண் 35 கருவிகளோடு நிற்கும் உயிர், கனவில் கண்டத்தின்கண் 25 கருவிகளோடும், உறக்கத்தில் இதயத்தின்கண் மூன்றோடும், பின்னர் உந்தியில் இரண்டோடும், மூலாதாரத்தில் ஒன்றோடும் நிற்குமென்பது கற்றார் அறிந்தது. கருவிகள் ஒவ்வொன்றாய்க் கழலுந்தோறும் அறிவு விளங்காதொழிகின்றதேயன்றி, அறிவுடைப் பொருளாகிய உயிர் சடமாய்விடுவதில்லை. மாலைப் பொழுதில் மகனை அறியாத முதியவர் அறிவுப்பொருளாய் இருத்தலினின்றும் நீங்கினாரல்லர். அவருடைய கருவிகள் ஓய்ந்தன. ஆகலின் அவரைச் சுற்றத்தார் பொருளெனக் கொண்டு கை பிடித்து எழுதுவிப்பது, உறங்குவான் ஒருவன் மடியை அவிழ்ப்பதே. முதியவர்க்கு மறதி வந்தது, இனி அவர் சொல்லுக்கு மதிப்பு யாது என்று இக்காலத்தார் இகழ்வது எமக்கு உடன்பாடன்று. இன்னும் கையெழுத்துத் தெளிவாய் இருக்கின்றதே, அது போதும் என்பது அதனினும் உடன்பாடன்று.

இனி, ஆவணம் என்றவுடன் சைவர்தம் நெஞ்சு செல்வது திருவெண்ணெய்நல்லூருக்கேயாம். சடங்கவி சிவாசாரியர் மகளாரை மணம் புரிதற்கு நம்பியாரூரர் புத்தூரில் எழுந்தருளியிருந்த பொழுது, முதிய வேதியர் ஒருவர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்றார். நம்பிகள் நகைத்தார், வெகுண்டார், ஓலையைப் பற்றிக் கிழித்தார். கிழித்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூர் அவையத்தில் வைக்கப்பட்டது. ஆட்சியா, ஆவணமா, பிறர் கண்ட சான்றா, எதனால் நிறுவுவீர் என்று அவையத்தார் கேட்டமையும், பாட்டனார் எழுத்தினை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கியமையும், சான்றாளர் தத்தம் எழுத்தென ஒத்துக்கொண்டமையும் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தவாறு. இக்கால நீதிமன்றத்தார் கையாளும் முறையினும் அது குறைந்ததன்று.

ஈண்டுத் தடை நிகழும். பாட்டன் எழுதிய ஓலை, அன்று பிறவாத பேரனைப் பிணிப்பது எங்ஙனம்? பிறவாதவன் அறிந்திலன், இசைந்திலன், எழுதிலன். இச்சை, ஞானம், கிரியை மூன்றும் வேண்டுமென்று மேலே கூறினீரே, அவற்றுள் ஒன்றேனும் ஈண்டு உளதோ? அன்றியும் 1843 ஆம் ஆண்டின் 5 ஆவது சட்டம் ஒருவனை அடிமையெனக் கொண்டு உரிமை கோரும் வழக்கினை நீதிமன்றங்கள் ஏலா எனத் தடுத்தது. இந்திய அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்பு மக்களை வாணிகப் பொருளாக்குதலையும் கட்டாய வேலையையும் விலக்கியது. இன்று அவ்வேதியர் வருவாராயின் வாயிலிலேயே திருப்பப்படுவார் அல்லரோ எனின்,

ஆம், திருப்பப்படுவார். மக்களுள் ஒருவன் மற்றொருவனை அவ்வாறு கோருவானாயின் திருப்பப்படுதலே அறம். பேரனைப் பாட்டன் விற்றல் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. இதனைச் சைவர் மழுப்புதல் கூடாது. கி.பி. 1201 இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துப் பஞ்சத்தில், வேளாளர் ஒருவரும் அவர் மகளிர் இருவரும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தம்மை அடிமையாக விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டு காட்டுகின்றது. அன்று காசுக்கு மூன்று நாழி நெல். விற்றவர் வயது நிரம்பியவர், அறிவு மயங்காதவர், எழுத்துக் கல்லின்மேல் நின்றது. ஆயினும் பசி முன்னின்று எழுதுவித்த ஓலையை இசைவோலை என்று கூற எமக்கு நா எழவில்லை. பெற்றவர் கோயிலார் என்பதனால் அது தூயதாகிவிடாது. நெல்லை அளந்து கொடுத்திருக்கலாம். ஆளை எழுதி வாங்கியிருக்க வேண்டா. சிவத்தொண்டு என்னும் பெயரால் நிகழ்ந்தது ஆதலின் இதனை நாமே முதலிற் கூறவேண்டும்.

அங்ஙனமாயின் வெண்ணெய்நல்லூர் ஓலை மட்டும் வேறுபட்டது யாங்ஙனம்? முதலாவது, ஒப்பந்தம் இல்லாத உரிமையை உண்டாக்குவது. அவ்வோலையோ உள்ள உரிமையைக் காட்டுவது. உயிர் அநாதியே பதிக்கு அடிமை என்பது நம் துணிபு. அவ்வடிமை எழுத்தினால் வந்ததன்று; எழுத்துக் கிழிதலால் நீங்குவதும் அன்று. படியோலை கிழிந்தும் வழக்குக் கிழியாமை அதனாலேயே. ஆணவத்தால் மறைந்து கிடந்த ஒன்றை உயிர் உணர்தற்பொருட்டு, உலகத்தார் அறியும் ஆவண வடிவில் இறைவன் எழுதிக் காட்டினன் என்க. மைந்தன் என்னும் முறை, பிறப்புப் பதிவேட்டில் எழுதுதலால் உண்டாவதன்றே. உண்டானதை ஏடு கூறும் அவ்வளவே.

இரண்டாவது, அடைபவன் யார் என்பது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. மலத்தைச் சாரின் மலமாயும், சிவத்தைச் சாரின் சிவமாயும் விளங்கும். இதனைக் கூறினால், எவ்வுயிரும் எப்பொழுதும் பிறிதொன்றனைச் சார்ந்தே நிற்றலின் தன்னுரிமை இசைவு என்பதே உலகில் இல்லையென்று ஆகுமே எனச் சிலர் கலங்குவர். கலங்க வேண்டா. ஒப்பந்தச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு தகாச் செல்வாக்கிற்கு இரண்டு உறுப்புக் கூறுகின்றது: ஒருவன் மற்றொருவன் மனத்தை ஆளும் நிலையில் இருத்தல் ஒன்று, அந்நிலையைக் கொண்டு தனக்கு முறையற்ற ஆதாயம் தேடுதல் ஒன்று. முன்னது மட்டும் குற்றமன்று. தந்தை, மருத்துவர், ஆசிரியர் ஆகிய எல்லோரும் நம் மனத்தை ஆள்பவரே. ஆதாயம் தேடுமிடத்தே கேடு பிறக்கின்றது. முதுமையாலும் நோயாலும் அறிவு தளர்ந்தாரிடத்து ஒப்பந்தம் செய்பவன் அவர் மனத்தை ஆளும் நிலையினன் எனவே கொள்ளப்படுவன் என்றும் அப்பிரிவு கூறுகின்றது. இனி, ஆதாயம் சிறிதும் இல்லாத ஆளுடையான் ஒருவனே. அவன் ஆளாகக் கொண்டு பெற்றது யாது? எமது செங்கற்பட்டுச் சீமையிலேயே உள்ள திருக்கச்சூரில் நம்பியாரூரர் பசித்திருந்தாராக, நண்பகல் வெயிலில் வேதியர் வடிவு கொண்டு வீடுதொறும் சென்று சோறும் கறியும் இரந்து கொணர்ந்து ஊட்டினான். ஆளுக்காக ஆளுடையான் இரந்தான். 110 காசுக்கு வாங்கினார் யாரேனும் அங்ஙனம் செய்தனரோ?

ஈண்டு ஒன்று நகைப்பிற்கு இடமாவது. சட்டத்தின்படி கோயிலில் எழுந்தருளியுள்ள மூர்த்தி உரிமைகளுடைய ஓர் ஆள். 1925 இல் பிரிவி கவுன்சிலும் அவ்வாறு கொண்டது. ஆயின் பிறர் வாயிலாகவே செயற்படவேண்டுதலின் இளையோன் போன்ற நிலையினர். காப்பாளர் கைவிட்டவிடத்து அடியார் ஒருவரே அவர் சார்பில் வழக்கிடலாம் என்று 1967 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1991 இல் இலண்டன் மேல்முறையீட்டு மன்றம், தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரின் பாழடைந்த கோயிலையே வழக்காடத் தக்கதெனக் கொண்டமையின், கடல் கடந்து போன நடராசப் பெருமான் அவ்வாண்டே மீண்டனர். எல்லா உயிர்க்கும் காப்பாளனாகிய முழுமுதலைக் காப்பாளர் வேண்டும் இளையோன் என்பது கேட்கக் கூசும் சொல்லேனும், அச்சொல்லால் திருமேனி திரும்பியது ஆகலின் நாம் அதனோடு பிணங்கவில்லை.

மூன்றாவதாகவும் ஒன்று உளது. எமக்குப் பெரிதும் உதவியது அதுவே. நம்பியாரூரர் முன்னர்க் கயிலையில் ஆலாலசுந்தரராய் இருந்த பொழுது, பிறவி எடுக்க ஆணை பிறந்தவுடன், அங்கே யான் மயங்குங்கால் தடுத்து ஆண்டருளல் வேண்டுமென்று விண்ணப்பித்தார். அஃதாவது, தெளிந்த பொழுதில் அவரே வேண்டிக்கொண்டதை, மயங்கிய பொழுதில் அவர் மறுத்தும் இறைவன் நிறைவேற்றினன். மணப்பந்தலில் நின்று மறுத்த வாயும் அவருடையதே. கயிலையில் வேண்டிய வாயும் அவருடையதே. இரண்டனுள் அறிவு விளங்கிய பொழுதின் வாயே கொள்ளத்தக்கது. இருந்தும் இறைவன் வலிதிற் பற்றிச் சென்றிலன். அவையத்தில் வழக்காளனாய் நின்று, நம்பிகள் அறிந்து இசையும் வரை பொறுத்தான். பின்னரே, வசையாகத் தாம் சொன்ன சொல்லையே முதலாக வைத்து நம்பிகள் பதிகம் பாடினார். மனநோயுற்றார் தெளிந்த காலத்தில் தம் மருத்துவத்தைக் குறித்து முன்கூட்டி எழுதிவைக்கும் கட்டளையை 2017 ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டமும் ஏற்றுள்ளது.

இதனை எண்ணியபின் எமக்கு வழி புலப்பட்டது. அம்முதியவர் தெளிந்திருந்த காலத்து யாது கூறினார்? எம் வீட்டுத் திண்ணையில் இருந்து பலகால் கூறியது எமக்கு நன்கு நினைவில் உளது: கழனி, உடனிருந்து உழுதவனாகிய இளையவனுக்கு; மனை, சென்னையில் வேலை பார்க்கும் மூத்தவனுக்கு. இளையவர் கொணர்ந்த பத்திரத்திலோ இரண்டும் இளையவர்க்கே எழுதப்பட்டிருந்தன.

ஒரு காலைப்பொழுதில் அவரைக் காணச் சென்றோம். புதல்வரைச் சற்று வெளியே இருக்குமாறு கூறி, யாதை யாருக்கு எழுதுகின்றீர் என்று வினவினோம். கழனியின் நான்கெல்லையும் பிழையின்றிச் சொல்லி, அது சின்னவனுக்கு என்றார். மனை யாருக்கு என்றோம். "பெரியவன் வந்தால் எங்கே தங்குவான், வாத்தியாரே?" என்று எம்மையே திருப்பி வினவினார். எல்லாம் கொடுத்தபின் உமக்கு யாது என்றதற்குச் சிறிது நேரம் வாளா இருந்து, "அவன் சோறு போடுவான்" என்றார்.

தன் நன்மை தீமையை நிதானித்தலாவது இதுவே என்று கொண்டோம். சோறு போடுவான் என்னும் நம்பிக்கையும் அத்தானத்தின் ஒரு பகுதியே ஆகலின், அதனை எழுதாது விடுதல் பிழை. பெற்றோர், முதியோர் நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. அதன் 23 ஆம் பிரிவு, பேணுதல் வேண்டுமென்னும் நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பேணாதொழியின் அக்கொடை வஞ்சனையாலோ தகாச் செல்வாக்காலோ பெற்றதாகக் கருதப்பட்டுத் தீர்ப்பாயத்தால் தள்ளப்படலாம் என்கின்றது. நிபந்தனை இருந்தமை நிறுவப்படல் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2022 இல் கூறியுள்ளது. 2025 இல் இச்சட்டத்தை முதியோர்க்குப் பரிந்தே பொருள் கொள்ளல் வேண்டுமென்றும் கூறியது உண்மையே. ஆயினும் எழுத்து இருப்பின் வழக்கிற்கே இடமில்லை.

புதல்வரிடம் இரண்டு கூறினோம்: மனையை நீக்குக, சோற்றை எழுதுக. முன்னதற்கு அவர் முகம் சுருங்கிற்று. பின்னதற்கு மெய்யாகவே மனம் நொந்தார். "பெற்ற அப்பனுக்குச் சோறு போடுவதற்கும் பத்திரமா, ஐயா? ஊரார் என்ன நினைப்பார்கள்?" என்றார். தம்பி, யாவும் உடையவனே ஓலை எழுதிக்கொண்டு அவையேறினான். நாம் எழுதுவதில் இழிவு யாது என்றோம். அவர் விடை கூறாது சென்றார்.

சான்றாளன், எழுதியவன் ஒப்பமிட்டதைக் கண்டதற்கு மட்டுமே சான்று. பத்திரத்துள் எழுதப்பட்டதை அறிந்திருத்தலும் அவன் கடமையன்று என்று வழக்கறிஞர் ஒருவர் எமக்கு எடுத்துரைத்தார். சட்டத்தில் அவ்வளவே. தானத்திற்குச் சான்றாளர் இருவர் வேண்டும்; மனந் திரிந்தவராகக் காணப்படுவாராயின் பதிவு செய்ய மறுத்தல் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளர் கடமை. எமது பொறுப்பு அத்துணைச் சிறியதாயின் மகிழ்ச்சியே. ஆயினும் வெண்ணெய்நல்லூர் அவையத்தில் இது நும் எழுத்தோ என்று வினவப்பட்டவர் போல நாமும் ஒருநாள் வினவப்படுவோமாயின், கண்டேன், ஆயின் அறிந்திலேன் என்று விடை கூற எமக்கு மனம் ஒருப்படவில்லை.

பத்து நாள் கழித்து அவர் வேறு பத்திரத்தோடு வந்தார். கழனி மட்டும் இருந்தது. தந்தையார் உள்ளளவும் உணவும் உடையும் மருந்தும் கொடுத்துப் பேணுவதாக இரண்டு வரி எழுதப்பட்டிருந்தது. காலை பத்து மணிக்குப் பதிவுக் கச்சேரியில் முதியவர் தாமே படித்து ஒப்பமிட, யாமும் இட்டோம். இளையவர்க்கு எம்மீதுள்ள மனக்குறை இன்னும் நீங்கிற்றில்லை. மாலையில் வழியிற் கண்டபொழுது முதியவர் எம்மை நோக்கி, நீர் எந்த ஊர் என்று வினவினார்.